கருவியும் உரிமையும்: பருத்தித்துறையில் உயிர்த்தகவலியற் செய்நிரலொன்றை நிறுவியமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1

ஆய்வுக் கருவிகளின் வரலாறு எம்மிடையே அருகியே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வின் முடிபுகள் பேசப்படுகின்றன. ஆய்வாளரின் வாழ்க்கை பேசப்படுகின்றது. அம்முடிபுகளை இயலச் செய்த கருவி எவ்வாறு தோன்றிற்று, எவர் உடைமையாயிருந்தது, எத்தகைய விதிகளின் கீழ்ப் பிறர் கைக்கு வந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அத்தகைய கருவியொன்றை எடுத்துக்கொண்டு, அதனைக் கணினியில் நிறுவுதல் என்னும் சிறு செயலின் பின்னே கிடக்கும் வரலாற்றை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்டது 'பிளாஸ்ற்' என்னும் செய்நிரல். புரதத்தினதோ டி.என்.ஏ.யினதோ எழுத்துவரிசையொன்றைக் கொடுத்தால், அதனை ஒத்த வரிசைகளைப் பெருங்களஞ்சியமொன்றிலிருந்து தேடித் தருவது அது. உயிரியலும் கணினியியலும் சந்திக்கும் உயிர்த்தகவலியல் என்னும் துறையில் மிகப் பரவலாக வழங்கும் கருவிகளுள் ஒன்று. இணையத்தளம் வாயிலாகவும் அதனைப் பயன்படுத்தலாம். எனினும், தம் தரவுகளைத் தாமே வைத்துப் பெருமளவில் ஆராய விரும்புவோர் அதனைத் தம் கணினியில் நிறுவி, கட்டளைவரியில் எழுத்தால் ஆணையிட்டு இயக்குதல் வேண்டும்.

கடந்த மாரிகாலத்திற் பருத்தித்துறையில், உயர்தர வகுப்பில் உயிரியல் கற்ற மாணவர் சிலருடன் அமர்ந்து இக்கருவியை நிறுவினோம். பழைய மடிக்கணினி ஒன்று. கைத்தொலைபேசி வழியான இணையத் தொடர்பு. மூன்று மாலைகள் சென்றன. அம்மாலைகளில் எழுந்த வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை. பரிசோதனைக்கென நாம் தெரிந்தது பருத்திச் செடியின் புரதமொன்றினை. பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதே இவ்வூர்ப் பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கமாகும். பாறைகளின் முனை என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் இட்ட பெயரே ஆங்கில வழக்கிற் 'பொயின்ற் பீட்ரோ' என மருவிற்று.

2

இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். விடை எளிது. ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஏடெழுதுவோன் பிரதி செய்கிறான். எழுத்தொன்று மாறுகின்றது, சொல்லொன்று விடுபடுகின்றது, அடியொன்று இருமுறை எழுதப்படுகின்றது. அப்பிரதியிலிருந்து எழும் பிரதிகள் யாவும் அப்பிழையைச் சுமக்கின்றன. ஒரே பிழையைப் பகிரும் சுவடிகள் ஒரே மூதாதைச் சுவடியிலிருந்து வந்தவை எனக் கொள்வது, 19ஆம் நூற்றாண்டிற் கார்ல் லாக்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மூலபாட ஆய்வு முறையின் அடிப்படை. உயிரியலிற் கூர்ப்பு பற்றிய ஆய்வும் இதே தருக்கத்தின் மேலேயே நிற்கின்றது. டி.என்.ஏ. பிரதி செய்யப்படும்போது எழுத்து மாறுகின்றது. மாற்றம் வழித்தோன்றல்களுக்குச் செல்கின்றது. மாற்றங்களை ஒப்பிட்டு உறவுமுறை வரையப்படுகின்றது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது எதிர்கொண்டது இப்பணியையே. சிதைந்த ஏடுகளைப் பல இடங்களிலிருந்து வருவித்து, பாடங்களை ஒப்புநோக்கி, மூலத்தைத் தேர்ந்துகொள்ள அவர் பட்ட இடரை அவருடைய பதிப்புரைகள் காட்டும். அவரிடமிருந்த கருவி கண்ணும் நினைவும் தாளுமே. அன்று தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் தனியொருவரின் உழைப்பாயிருந்த இவ்வொப்பீடு, இன்று செய்நிரல்களின் பணியாக மாறி வருகின்றது.

இது வெறும் உவமை அன்று. 1998இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், உயிரிரசாயனவியலாளரும் ஆங்கில இலக்கிய ஆய்வாளரும் இணைந்து, சோசரின் கன்ரபரிக் கதைகளின் ஒரு பகுதிக்குரிய 58 கையெழுத்துப் பிரதிகளை, உயிரினங்களின் உறவுமுறையைக் காண்பதற்கென ஆக்கப்பட்ட செய்நிரலைக் கொண்டு ஆராய்ந்தனர். எமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 2018இல் வெளிவந்தது. விஷ்ணுப்பிரியா கோலிபாகம் முதலியோர் 20 திராவிட மொழிகளிலிருந்து 100 அடிப்படைக் கருத்துகளுக்கான சொற்களைத் திரட்டி, 'பீஸ்ற்' என்னும் கட்டளைவரிச் செய்நிரலின் துணையுடன் ஆராய்ந்து, திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டனர். உயிரினங்களும் வைரசுகளும் எப்போது கிளைத்தன என்று கணிப்பதற்காகவே அச்செய்நிரல் முதலில் ஆக்கப்பட்டது.

இவ்விடத்து ஒன்றை மனங்கொளல் வேண்டும். எமது மொழியின் வயது பற்றி ஒரு முடிபு வெளிவருகின்றது. கட்டுரை எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழில் உள்ளது. கருவியும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் தமிழ்த்துறைகளிலுள்ளோருட் பெரும்பாலார் அம்முடிபைச் செய்தித்தாளிற் படித்துப் பெருமிதமோ ஐயமோ கொள்வதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதவராய் உள்ளோம். எந்த எடுகோளை மாற்றினால் எந்த எண் மாறும் என்று சோதித்துப் பார்க்கும் ஆற்றல் எம்மிடமில்லை. கருவியை நிறுவ அறியாதவன் அதன் முடிபுகளின் நுகர்வோனாகவே நின்றுவிடுகிறான்.

3

பிளாஸ்றின் தோற்றத்தை அறியச் சில பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1965இல் அமெரிக்காவில் மாகரெற் டேஹொஃப் தம் துணைவருடன் அன்று அறியப்பட்டிருந்த 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். புரதங்களை ஆக்கும் இருபது அமினோவமிலங்களுக்கும் தனித்தனி ஓரெழுத்துக் குறியீடு வகுத்தவரும் அவரே. கணினியின் சிறு நினைவகத்திற்கேற்ற சிக்கனமாக எழுந்த அக்குறியீடு, புரதத்தை ஒரு பாடமாக வாசிக்கும் வழியைத் திறந்தது. 1970இல் நீடில்மன், வுன்ஷ் ஆகியோரும், 1981இல் ஸ்மித், வாற்றர்மன் ஆகியோரும் இரு வரிசைகளைச் செம்மையாக ஒப்பிடும் கணிதமுறைகளை அளித்தனர். அம்முறைகள் துல்லியமானவை, களஞ்சியம் பெருகப் பெருக மிக மெதுவானவை.

1990இல் அல்ற்சுல், கிஷ், மில்லர், மயர்ஸ், லிப்மன் என்னும் ஐவர் வெளியிட்ட பிளாஸ்ற் இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாயிற்று. ஒரு வரிசையை முழுமையாக ஒப்பிடாது, மூன்றெழுத்து அளவான சிறு துண்டுகளாகப் பிரித்து, பொருந்தும் துண்டுகளை மாத்திரம் களஞ்சியத்தில் முதலிற் கண்டு, அவ்விடங்களிலிருந்து இருபுறமும் ஒப்பீட்டை நீட்டிச் செல்வது அதன் உத்தி. சுவடி ஒப்பிடுவோர் அருஞ்சொல்லொன்றைக் கண்டதும் அவ்விடத்தில் நின்று முன்பின்னாகப் பார்ப்பதற்கு இது நிகரானது. இத்தகைய ஒப்புமை தற்செயலாக எத்தனை முறை நேரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பெண்ணையும் அது உடன் தருகின்றது. அவ்வெண் சுழியத்தை நெருங்க நெருங்க உறவு உறுதியாகின்றது.

இவ்வறிவியல் வரலாற்றோடு உடைமை பற்றிய வரலாறொன்றும் பின்னிக் கிடக்கின்றது. டேஹொஃப் குழுவினரின் தொகுப்பு, உலகெங்குமுள்ள ஆய்வாளர் கண்டறிந்த வரிசைகளால் ஆனது. ஆயினும் அது விலைக்கு விற்கப்பட்டது, மீள விநியோகிக்கப்படுவதும் கட்டுப்படுத்தப்பட்டது. தம் உழைப்பின் பயன் தமக்கே விலைக்கு வருவதைப் பலர் விரும்பவில்லை. 1982இல் அமெரிக்க அரசின் துணையுடன் 'ஜென்பாங்க்' என்னும் டி.என்.ஏ. களஞ்சியம் தொடங்கப்பட்டபோது, அதனை நடத்தும் ஒப்பந்தம் டேஹொஃப் குழுவிற்குக் கிடைக்காமல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் பக்கம் சென்றது. தரவுகளை எவர்க்கும் திறந்துவைக்கும் கொள்கை இதற்கு ஒரு முக்கிய காரணம் என அறிவியல் வரலாற்றாய்வாளர் காட்டியுள்ளனர். இதனைத் தனியொருவரின் பேராசையாகக் கொள்ளுதல் பிழையாகும். நிலையான அரச உதவியின்றி இயங்கிய ஓர் ஆய்வுக்குழு தன்னைப் பேணிக்கொள்ளத் தொகுப்பை விற்க நேர்ந்தது. பொதுவுழைப்பால் ஆனதைப் பேணுவதற்குப் பொதுநிதி இல்லாதவிடத்து, அது சந்தைக்குச் செல்லுதல் அமைப்பின் விளைவே.

பிளாஸ்ற் இவ்விக்கட்டிலிருந்து தப்பியமைக்கும் அமைப்பு சார்ந்த காரணமுண்டு. அது 1988இல் அமைக்கப்பட்ட அமெரிக்கத் தேசிய உயிர்த்தொழினுட்பத் தகவல் நிலையத்தோடு இணைந்து வளர்ந்தது. அந்நாட்டு அரச ஊழியர் தம் கடமையின் பகுதியாக ஆக்குவதற்கு அங்குப் பதிப்புரிமை இல்லை. வரியிறுத்தோரின் பணத்தால் ஆனது என்பதனாலேயே, பருத்தித்துறை மாணவனும் அதனை எவரிடமும் அனுமதி கேளாது எடுத்துக்கொள்ள முடிகின்றது.

4

எல்லாக் கருவிகளுக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1982 அளவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஜி.சி.ஜி. என்னும் செய்நிரற்றொகுதி, மூலநிரலுடன் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. மூலநிரல் கையிலிருந்தமையால் ஐரோப்பிய ஆய்வாளர் அதன்மீது தாமாகப் பல புதுக்கருவிகளைக் கட்டிச் சேர்த்தனர். பின்னர் அத்தொகுதி வணிக நிறுவனமாகி, கைமாறி, மூலநிரலை வழங்குவதும் நின்றது. சேர்த்துக் கட்டியோரின் உழைப்பு அடித்தளமிழந்தது. அவர்களுட் சிலர் 1990களின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மீண்டும் தொடங்கி, 'எம்பொஸ்' என்னும் திறந்த தொகுதியை ஆக்கினர். அது பற்றிய கட்டுரை 2000இல் வெளிவந்தது. பொதுநிலம் வேலியடைக்கப்பட்டபோது உழவர் வெளியேறினர் என்பது இங்கிலாந்தின் வரலாறு. இங்கு வெளியேற்றப்பட்டோர் தாமே புதுநிலம் ஆக்கினர். மூலநிரலைப் பிரதி செய்வதாற் குறையாத உடைமையாதலால் இது இயன்றது.

இதற்குரிய சட்டக் கருவியையும் அக்காலம் தந்திருந்தது. 1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் தொடங்கிய 'குனு' இயக்கமும், 1989இன் பொது உரிமமும், பதிப்புரிமைச் சட்டத்தையே பொதுவுடைமையைக் காக்கும் வேலியாகத் திருப்பிப் போட்டன. 1991இற் தோன்றிய லினக்ஸ் இதனோடு இணைந்தது. இன்று கட்டளைவரிக் கருவிகள் பெரும்பாலும் இந்நிலத்திலேயே வேரூன்றியுள்ளன.

மனித மரபுத்தொகுதியை வாசிக்கும் போட்டியில் இம்முரண்பாடு வெளிப்படையாயிற்று. 1996இற் பெர்மூடாவிற் கூடிய பொதுத்துறை ஆய்வாளர், தம் வரிசைகளை 24 மணி நேரத்துள் வெளியிடுவதெனத் தீர்மானித்தனர். 1998இற் செலெரா என்னும் தனியார் நிறுவனம் போட்டியில் இறங்கிற்று. 2000இற் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஜிம் கெந்த், ஏறத்தாழ நான்கு வாரங்களில் எழுதிய செய்நிரலை நூறு கணினிகளில் இயக்கிப் பொதுத்துறையின் துண்டுகளை இணைத்தார். 2000 ஜூலை 7ஆம் நாள் அது இணையத்தில் எவர்க்கும் திறக்கப்பட்டது. மனிதப் பரம்பரையலகுகள் காப்புரிமைகளுள் அடைபட்டுவிடும் என்னும் அச்சமே அவ்விரைவிற்குத் தூண்டுதலாயிருந்தது.

இவற்றைக் கொண்டு பொதுமை வென்றுவிட்டது என்று முடிபு கூறுதல் அவசரமாகும். இன்று உயிர்த்தகவலியற் கருவிகளை நிறுவ 'கொண்டா' என்னும் பொதி மேலாளியே பெரிதும் பயன்படுகின்றது. அதன் வழியாக இத்துறைக் கருவிகளைத் தரும் 'பயோகொண்டா' களஞ்சியத்தைத் தொண்டர்களே கட்டி வளர்க்கின்றனர்; 2018இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தபோது அதில் 3,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. கொண்டாவை முதலில் ஆக்கிய அனகொண்டா நிறுவனமோ, 2020 முதல் தன் சொந்தக் களஞ்சியத்தைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் கோரத் தொடங்கிற்று. 2024இல் ஆய்வு நிறுவனங்கள் சிலவும் அக்கோரிக்கையின் எல்லைக்குள் வந்தபோது, அவை தொண்டர் நடத்தும் 'கொண்டா-ஃபோர்ஜ்' களஞ்சியத்தை நோக்கி நகர்ந்தன. அதே வேளை, தொண்டர் களஞ்சியங்களின் பொதிகள் இணையத்தில் வைத்து வழங்கப்படுவதும் அந்நிறுவனத்தின் கணினிகளிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. உழைப்பு பொதுவானது, அது நிற்கும் தளம் தனியார் உடைமை. இம்முரண்பாடு தீர்ந்துவிடவில்லை.

5

பருத்தித்துறையில் நிகழ்ந்ததை இப்பின்னணியில் நோக்கலாம். பயோகொண்டாவின் பொதிகள் லினக்ஸுக்கும் மக் கணினிக்கும் உரியவை. எமது மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தமையால் அத்தடை எழவில்லை. கட்டணச் சிக்கலற்ற கொண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்தையே இயல்பாக நாடும் 'மினிஃபோர்ஜ்' என்னும் நிறுவியை முதலில் இறக்கத் தொடங்கினோம். இடையில் மின்சாரம் நின்றது, தொடர்பும் அறுந்தது. கோப்பு வந்து சேர்ந்தது போலவே தோன்றிற்று, இயக்கினால் இயங்கவில்லை. வெளியிட்டோர் தந்திருந்த சரிபார்ப்பெண்ணோடு எமது கோப்பின் எண்ணை ஒப்பிட்டபோதுதான் அது பாதியில் நின்ற கோப்பு என்பது தெரிந்தது. முதல் மாலை இவ்வாறு கழிந்தது.

இரண்டாம் மாலை நிறுவி ஓடி முடிந்தது. 'கொண்டா' எனத் தட்டச்சிட்டதும், அத்தகைய கட்டளை காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் விடை வந்தது. மாணவர், நிறுவல் தோற்றுவிட்டதெனக் கொண்டு அனைத்தையும் அழிக்க முற்பட்டனர். உண்மையில் எதுவும் தோற்கவில்லை. கட்டளையொன்றைத் தட்டச்சிட்டால், எந்த எந்த அடைவுகளில் அதனைத் தேடுவதென்று கணினி ஒரு பட்டியல் வைத்திருக்கும். புதிய அடைவு அப்பட்டியலிற் சேர்வது முனையத்தை மூடி மீளத் திறக்கும்போதே. நூல் நூலகத்திற்கு வந்துவிட்டது, அட்டவணையில் இன்னும் ஏறவில்லை என்று விளக்கியதும் அவர்களுக்குத் தெளிந்தது.

அடுத்த இடர் சார்புகள் பற்றியது. எந்தச் செய்நிரலும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதிய பல பொதிகளின்மேல், அவற்றின் குறிப்பிட்ட பதிப்புகளின்மேல் நிற்கின்றது. பயோகொண்டாவின் பொதிகள் கொண்டா-ஃபோர்ஜின் பொதிகளைச் சார்ந்தவை. ஆதலின் இரு களஞ்சியங்களையும் குறித்து, கொண்டா-ஃபோர்ஜுக்கு முதலிடமும் பயோகொண்டாவிற்கு அடுத்த இடமும் தந்து, முன்னுரிமையைக் கண்டிப்பாக்குதல் வேண்டும். நாம் இவ்வொழுங்கை மாற்றி எழுதிவிட்டோம். பொதிகள் முரண்படுகின்றன என்னும் நீண்ட செய்தியே விடையாக வந்தது. ஒழுங்கைத் திருத்தி, பிற செய்நிரல்களோடு மோதாதவாறு பிளாஸ்றுக்கெனத் தனிச்சூழல் ஒன்று அமைத்தோம். திரையிற் பொதிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மாணவி ஒருத்தி, "சேர், நாங்கள் கேட்டது ஒன்றுதானே, ஏன் இவ்வளவு வருகுது?" என்று வினவினாள்.

அவ்வினாவிலேயே இக்கட்டுரையின் மையம் உள்ளது. மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) இயந்திரத்தை ஆராயுமிடத்து, கடந்தகால உழைப்பு இயந்திரத்தில் உறைந்து நின்று நிகழ்கால உழைப்பை எதிர்கொள்கின்றது எனக் காட்டினார். அவர் கண்முன் நின்றவை பெரும்பாலும் பருத்தி நூற்கும் ஆலைகளே. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே எழுதிய குறிப்பேடுகளில், சமூகத்தின் பொதுவறிவே நேரடி உற்பத்தி ஆற்றலாகும் நிலையையும் அவர் எண்ணிப் பார்த்திருந்தார். நிறுவும்போது திரையில் ஓடும் ஒவ்வொரு பெயரும் அவ்வாறு உறைந்த உழைப்பே. பல நாடுகளில், பல ஆண்டுகளில், பலர் ஊதியத்துடனும் ஊதியமின்றியும் எழுதியவை அவை. பயன்படுத்தும் நாளில் இவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுவும் நாளில், அதுவும் நிறுவல் பிழைக்கும் நாளிலேயே, அது வெளிப்படுகின்றது.

மூன்றாம் மாலை பரிசோதனைக்கு வந்தோம். முழுக் களஞ்சியங்கள் நூற்றுக்கணக்கான கிகாபைற்று அளவின. எமது கணினி அவற்றைத் தாங்காது. ஆதலின் 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரொக் தொடங்கிய 'சுவிஸ்-புரொற்' என்னும் செம்மைப்படுத்திய புரதத் தொகுப்பை இறக்கினோம். 570,000க்கு மேற்பட்ட வரிசைகள் கொண்டதாயினும் அளவிற் சிறியது. அதனைத் தேடுதற்குரிய வடிவில் ஒழுங்குபடுத்தி, பருத்தி நாரிற் செலுலோசை ஆக்கும் நொதியத்தின் வரிசையைக் கொடுத்துத் தேடினோம். சிறிது நேரத்திற் பட்டியல் வந்தது: ஆய்வுகூடச் செடியான அராபிடொப்சிசின் உறவுப் புரதங்கள், நெற்பயிரின் உறவுப் புரதங்கள், எதிர்பார்ப்பெண் சுழியமாக.

இந்நொதியத்தைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. பருத்தி நார் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் செலுலோசு. எனினும், தாவரங்கள் அதனை எப்பரம்பரையலகு கொண்டு ஆக்குகின்றன என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1996இல் ஓர் அமெரிக்க வணிக நிறுவனத்தினதும் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தினதும் ஆய்வாளர், வளரும் பருத்தி நாரிலிருந்து பெற்ற வரிசைகளைப் பற்றீரியாவின் செலுலோசு ஆக்கும் வரிசையோடு ஒப்பிட்டு அதனைக் கண்டனர். முழு ஒப்புமை குறைவு; ஆனால் வினைக்கு இன்றியமையாத சில பகுதிகள் இரண்டிலும் மாறாதிருந்தன. பாடபேதங்கள் நிறைந்த இரு சுவடிகளில் மாறாது நிற்கும் அடிகளைக் கண்டு மூலத்தை உய்த்துணர்வது போன்ற செயல். பருத்தியின் பெயரால் அமைந்த ஊரிற் பிறந்த மாணவர், அவ்வொப்பீட்டு முறையைத் தம் கையாலேயே செய்து பார்த்தனர்.

6

புதிய கருவியொன்றை நிறுவுதல் யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. அச்சியந்திரத்தின் வரலாறு இவ்வகையில் ஒப்புநோக்கற்பாலது. அமெரிக்க மிஷன் சார்பில் அச்சிடுவோராக அனுப்பப்பட்ட ஜேம்ஸ் கரெற் 1820இல் இலங்கை வந்தபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பார்ன்ஸ் அவர் தங்க அனுமதி மறுத்தார். கரெற் பம்பாய் செல்ல நேர்ந்தது. தொழினுட்பம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது; உரிமை இருக்கவில்லை. மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834இலேயே. உதயதாரகை 1841இல் வெளிவந்தது.

1838இற் பருத்தித்துறையில், பின்னாளில் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலையைத் தொடங்கிய பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றியவர் ஆறுமுக நாவலர். மிஷனின் ஆற்றல் அச்சிலே தங்கியிருப்பதை உள்ளிருந்து கண்ட அவர், 1849இற் சதாசிவப்பிள்ளையுடன் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவர் பரிசோதிக்கத் தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை வெளியிட்டமை இம்மரபின் தொடர்ச்சி. நாவலரின் சமயநோக்கும் சாதிநோக்கும் எமது விமரிசனத்திற்கு உரியன. ஆயினும் பிறர் கருவியை வாங்கி, நிறுவி, இயக்கக் கற்று, தம் தேவைக்குத் திருப்பிய செயல் வரலாற்றில் முற்போக்கானது என்பதை மறுத்தற்கியலாது.

மூன்றாவது எடுத்துக்காட்டு மொழி பற்றியது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ்க் கிறீன் (1822–1884), ஆங்கிலத்திற் கற்றோர் ஊரைவிட்டு நகரங்களுக்குச் செல்வதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் ஆக்கினார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அறிவு அம்மக்களின் மொழிக்கு வந்தபோதே அது அவ்வூரிற் தங்கிற்று.

இம்மூன்றையும் எமது காலத்தோடு ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். கரெற்றுக்கு மறுக்கப்பட்டது எமக்கு மறுக்கப்படவில்லை. நாவலர் விலைகொடுத்துப் பெற்றதை நாம் விலையின்றிப் பெறுகிறோம். கிறீன் செய்ததை மட்டும் இன்னும் எவரும் எமக்குச் செய்யவில்லை, நாமும் செய்யவில்லை. எம்முடன் அமர்ந்த மாணவர் கூர்ப்பையும் புரதத் தொகுப்பையும் தமிழிலே தெளிவாகக் கற்றவர்கள். எதிர்பார்ப்பெண்ணின் பொருளை விளக்கியதும் உடனே பற்றிக்கொண்டனர். அவர்களைத் தடுத்தது உயிரியலும் அன்று, கணிதமும் அன்று. பிழைச்செய்தியின் ஆங்கிலமும், அதனை வாசித்துப் பழகியவர் அருகில் இல்லாமையுமே.

7

தொகுத்து நோக்குமிடத்து, கருவியின் விலையின்மை வேறு, அது எம் உடைமையாதல் வேறு என்பது தெளிவாகும். திறந்த மூலநிரல் என்பது டேஹொஃப் காலம் முதல் இன்றுவரை நடந்த போராட்டங்களின் பேறு. அப்பேற்றினை மருந்துப் பெருநிறுவனங்களும் எம்மைப்போலவே விலையின்றிப் பெறுகின்றன. நிறுவும் திறனுடைய ஊழியர் அவர்களிடம் இருத்தலால் எம்மிலும் பன்மடங்கு பயன் கொள்கின்றன. அத்திறனைப் பரவலாக்காதவிடத்துப் பொதுவுடைமை சட்டத்தில் மாத்திரமே நிற்கும்.

இதற்கான மரபு எம்மிடையே இல்லாமலில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; ஏடுகளும் அவற்றுள் அடங்கும். ஒரேயொரு பிரதி, ஒரேயோரிடம் என்பதன் கொடுமையை எம்மினும் அறிந்தோர் சிலரே. 1998இற் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இற் தொடங்கிய நூலகம் திட்டமும் தொண்டர் உழைப்பால் தமிழ் நூல்களைப் பிரதி செய்து பரப்பின. பிரதி பரவலே பாதுகாப்பு என்பதை அவை செயலிற் காட்டின. நூல்களுக்குச் செய்ததைக் கருவிகளுக்கும் செய்தல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தமிழில் நிறுவற் குறிப்பு; வழமையான பிழைச்செய்திகளுக்குத் தமிழ் விளக்கம்; பாடசாலைதோறும் அதனை நிறுவத் தெரிந்த இருவரேனும். தமிழ்த்துறைகள் இதில் ஒதுங்கி நிற்றல் தகாது. கலைச்சொல்லாக்கம் எம் பணி. மூலபாட ஆய்விலும் மொழி வரலாற்றிலும் இக்கருவிகளே இனி வழங்கப் போகின்றன என்பதனால் அது எம் தேவையுமாகும்.

மூன்றாம் மாலையின் முடிவில் மாணவர் மூவர், மூன்று நாளும் நேர்ந்த பிழைகளையும் அவற்றின் திருத்தங்களையும் பயிற்சிக் கொப்பியொன்றிற் தமிழில் வரிசையாக எழுதினர். இறக்கிய பொதிகளையும் புரதத் தொகுப்பையும் பென்டிரைவ் ஒன்றிற் பிரதி செய்தனர். அடுத்த கிழமை, இணையத் தொடர்பே இல்லாத வேறொரு வீட்டில், வேறொரு கணினியில், அக்கொப்பியைப் பார்த்து எம் உதவியின்றியே பிளாஸ்றை நிறுவினர். இம்முறை ஒரு மணித்தியாலமே சென்றது. கொப்பியில் நாம் விட்ட ஒரு தவறையும் அவர்கள் திருத்தியிருந்தனர்.